அரண்மனைக்காரத் தெருவில் ஒரு கல்லறை: ஆர்மீனியர்களைக் காத்தது எழுத்தா, விசுவாசமா?

ஈய எழுத்து

அனைவருக்கும் வணக்கம். பாரிமுனைப் பக்கத்து அச்சகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சுக் கோத்தவன் நான். கணினி வந்த பிறகு அந்தத் தொழில் போய்விட்டது. எழுத்தின் மேல் உள்ள பித்து போகவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆர்மீனியன் தெருவில் இருக்கும் மரியன்னை ஆலயத்துக்குப் போயிருந்தேன். எங்கள் தலைமுறைக்கு அது அரண்மனைக்காரத் தெரு. அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. ஆர்மீனியன் என்ற சொல்தான் தமிழ் வாயில் புகுந்து அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோணியார் கோயிலுக்கு வருகிறவர்களில் பலருக்கு, அதே தெருவில் 1772-இல் கட்டிய இந்த ஆலயம் இருப்பதே தெரியாது. இப்போது அங்கே வழக்கமான வழிபாடு நடப்பதில்லை. மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் இருக்கின்றன. மரநிழலிலும் நடைபாதையிலுமாகச் சுமார் 350 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் ஹாருத்யூன் ஷ்மாவோனியன். பாரசீகத்தின் ஷிராஸ் நகரத்தில் பிறந்த பாதிரியார். இரண்டு ஆண் பிள்ளைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். மெட்ராசுக்கு வந்து, தானே எழுத்து வார்த்து, தானே காகிதமும் செய்து, 1794 அக்டோபரில் ‘அஸ்தரார்’ என்ற இதழை வெளியிட்டார். உலகத்தில் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை அதுதான். ஆர்மீனியத் தலைநகர் யெரெவானிலோ இஸ்தான்புல்லிலோ வரவில்லை, நம் ஊரில் வந்தது. மொத்தம் 18 இதழ்கள். அந்தக் கல்லறைக்கு முன்னால் நின்றபோது என் விரல் நுனிகளில் ஈயத்தின் குளிர்ச்சியை உணர்ந்தேன். ஒரு தாள் அச்சேற எத்தனை ஆயிரம் எழுத்துகளைக் கையால் எடுத்து அடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொந்த நாட்டிலிருந்து இத்தனை தொலைவில், சில பத்து வாசகர்களுக்காக ஒருவர் செய்தார் என்றால், அந்த எழுத்துதான் அவர்களுக்கு நாடு.

இதுதான் என் கருத்து: ஆர்மீனியர்களைக் காத்தது அவர்களுடைய எழுத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கூடவே ஓர் உதவியும் வேண்டும். பெயர் தேய்ந்துபோன ஒரு கல்லறையில் ஆண்டு என்று தோன்றும் இடத்தில் மூன்று எழுத்துகள் மட்டும் தெளிவாக இருந்தன. அவர்களுடைய எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு. முதல் ஒன்பது எழுத்து ஒன்றுகள், அடுத்த ஒன்பது பத்துகள், பிறகு நூறுகள், ஆயிரங்கள். அட்டவணையை வைத்துக் கூட்டினேன்: 100, 60, 4. ஆக 164. ஆர்மீனியர்களின் ஆண்டுக் கணக்கு 552-இல் தொடங்குகிறது, எனவே 551-ஐச் சேர்க்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். சேர்த்தால் 715 வருகிறது. சென்னப்பட்டினமே இல்லாத காலம்! எங்கே தவறினேன்?

ஓய்வாசிரியர்

ஐயா, கல்லறைக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் உங்கள் கருத்தை மறுக்கிறேன். முப்பத்தாறு ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் என்ற உரிமையில் மறுக்கிறேன்.

எழுத்து வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே விசுவாசம் வந்துவிட்டது. மரபுப்படி 301-ஆம் ஆண்டு. மன்னன் திர்தாத், கிரிகோர் என்பவரைப் பதின்மூன்று ஆண்டுகள் பாழுங்குழியில் போட்டு வைத்திருந்தான். ஹ்ரிப்சிமே என்ற கன்னியையும் அவளுடைய தோழிகளையும் கொன்ற பிறகு மன்னனுக்குப் புத்தி பேதலித்தது. குழியிலிருந்து ஏற்றப்பட்ட கிரிகோர் அவனைக் குணமாக்கி, அவனுக்கும் நாட்டுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். அதனால் அவருக்கு லுசாவோரிச், அதாவது ஒளி தந்தவர் என்று பெயர். அந்தக் குழி இருந்த இடம்தான் கோர் விராப் மடாலயம். எதிரே எல்லைக்கு அப்பால் துருக்கியில் அரராத் மலை. தங்கள் நெஞ்சில் சுமக்கும் மலையை அவர்கள் வேலிக்கு இப்பால் நின்றுதான் பார்க்கிறார்கள்.

451-ஐப் பாருங்கள். பாரசீகத்தை ஆண்ட சசானிய மன்னன் இரண்டாம் யஸ்தகிர்த் ஆர்மீனியர்களை அக்கினி வழிபாட்டுக்கு மாறச் சொன்னான். அவராயர் களத்தில் தளபதி வர்தான் மாமிகோனியன் படையோடு மாண்டான். போர் தோல்விதான். ஆனால் அவன் தம்பி மகன் வகான் விடாமல் போராடி, 484-இல் நிவார்சாக் உடன்படிக்கையின் மூலம் வழிபாட்டு உரிமையை வாங்கினான். எலிஷே எழுதிய வரலாற்றில் ஓர் இடம் வரும்: கிறிஸ்தவத்தை நாங்கள் சட்டையைப் போல அணிந்திருக்கிறோம் என்று நினைத்தவர்கள், அது எங்கள் தோலின் நிறம் என்று இப்போது அறிந்துகொள்ளட்டும். தோலின் நிறம், ஐயா! எழுத்தைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னார்களா?

நெடுவழி

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு திருத்தம். 301 என்பது திருச்சபை மரபு. ரோமப் பேரரசில் 313-இல் கிறிஸ்தவத்துக்குச் சட்டப்படி இடம் கிடைத்த பிறகே திர்தாத் வெளிப்படையாக மாறியிருக்க முடியும் என்று கருதி, 314-ஐ ஒட்டி வைக்கும் ஆய்வாளர்கள் பலர். அப்படி வைத்தாலும் ஓர் அரசு முழுமையாகக் கிறிஸ்தவத்தை ஏற்றதில் ஆர்மீனியாவுக்கே முதலிடம் என்பதுதான் பரவலான கருத்து. ஆகவே பெருமை குறையவில்லை.

இன்னொன்று. அந்தப் புதிய மதம் மக்கள் மொழியில் இல்லை. ஆலயத்தில் வேதத்தைக் கிரேக்கத்திலோ சிரியாக்கிலோ வாசிப்பார்கள். பக்கத்தில் ஒருவர் நின்று வாய்மொழியாக ஆர்மீனியத்தில் சொல்வார். ஒரு நூற்றாண்டு அப்படியே போயிருக்கிறது. நாட்டையும் 387-ஐ ஒட்டி ரோமும் பாரசீகமும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. இன்னும் இரண்டு தலைமுறை அப்படியே விட்டிருந்தால் மேற்கே இருந்தவர்கள் கிரேக்கர்களோடும், கிழக்கே இருந்தவர்கள் பாரசீகர்களோடும் கரைந்திருப்பார்கள். அந்த நேரத்தில் வந்தவர்தான் ஆர்மீனிய எழுத்தை உருவாக்கிய மெஸ்ரோப் மஷ்டோட்ஸ். விசுவாசத்தை நிலைக்க வைத்ததே எழுத்து என்பது என் வாதம்.

ஈய எழுத்து

நெடுவழி, சரியான இடத்தில் பிடித்தீர்கள். 405-ஆம் ஆண்டு, 36 எழுத்துகள். இரண்டு பின்னால் சேர்ந்தவை. மஷ்டோட்ஸ் அரசவை அலுவலராக இருந்து துறவியானவர். கிராமங்களில் போதிக்கப் போனபோது, மக்களுக்குப் புரியாத மொழியில் வேதத்தைக் காட்டுவது வீண் என்று உணர்ந்தார். கத்தோலிக்கோஸ், அதாவது திருச்சபைத் தலைவர், சகாக்கும் மன்னன் விராம்ஷாபுவும் துணை நின்றார்கள். முதலில் தானியேல் என்ற சிரிய ஆயரிடம் இருந்த பழைய எழுத்தைக் கொண்டுவந்து சிறுவர்களுக்குக் கற்பித்தார்கள். ஆர்மீனிய ஒலிகள் அதில் அடங்கவில்லை. ஓர் ஒலிக்கும் எழுத்தில்லாமல் போகக்கூடாது என்று மஷ்டோட்ஸ் மீண்டும் புறப்பட்டு எதேசா, சமோசாத்தா என்று அலைந்தார். சமோசாத்தாவில் ரூபினோஸ் என்ற கிரேக்க எழுத்தர் அந்த வடிவங்களைச் செம்மைப்படுத்திக் கொடுத்தார். இதையெல்லாம் மஷ்டோட்ஸின் மாணவர் கொர்யூன் எழுதிவைத்திருக்கிறார்.

புது எழுத்தில் முதலில் மொழிபெயர்த்தது நீதிமொழிகளின் தொடக்கம்: ஞானத்தையும் போதகத்தையும் அறிந்து, புத்திமதிகளை உணர்ந்து. வேறு எந்த வசனத்தையும் அல்ல, அறிவைத் தேடும் வசனத்தை!

அவர்களுடைய திருச்சபையில் மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று ஒரு திருநாள் இருக்கிறது. அக்டோபரில் வரும். மொழிபெயர்த்தவர்களையே புனிதர்களாக வைத்துக் கொண்டாடுகிறார்கள். பழங்காலத் திருச்சபை எழுத்தாளர் யூசிபியஸ் எழுதிய காலவரிசை நூலின் முதல் பகுதியும், இரேனியுஸின் ஒரு நூலும் மூலக் கிரேக்கத்தில் அழிந்து, ஆர்மீனிய மொழிபெயர்ப்பில்தான் முழுமையாகப் பிழைத்திருக்கின்றன.

புதியவன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவர்கள் கத்தோலிக்கர்களா? கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களோடு ஏதாவது தொடர்பு உண்டா?

ஓய்வாசிரியர்

நல்ல கேள்வி, தம்பி. பெரும்பான்மையினர் கத்தோலிக்கர் அல்லர். அவர்களுடையது ஆர்மீனிய அப்போஸ்தலத் திருச்சபை. எச்மியாட்சின் தலைமைப் பீடம். அந்தப் பெயருக்கு ‘ஒரே பேறானவர் இறங்கி வந்தார்’ என்று பொருள். 451-இல் ஆயர்கள் கூடிய கல்கதோன் சங்கம் கிறிஸ்துவுக்கு இறைத்தன்மை, மனிதத்தன்மை என இரண்டு இயல்புகள் என்று வரையறுத்தது. அதே ஆண்டில்தான் அவராயர் போர் என்பதை மறக்க வேண்டாம். அடுத்த நூற்றாண்டில் திவின் நகரச் சங்கங்களில் ஆர்மீனியர்கள் அந்த வரையறையை மறுத்தார்கள். இறைமையும் மனிதமும் கலக்காமல், பிரியாமல் ஒன்றிய ஓர் இயல்பு என்பது அவர்கள் நிலை. எகிப்தின் கோப்தியர், எத்தியோப்பியர், சிரியாக் திருச்சபையினர், நம் கேரளத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையினர் எல்லாரும் இதே குடும்பம். ஆகவே நீங்கள் கேட்ட தொடர்பு உண்டு.

வழிபாட்டிலும் தனி வழக்கங்கள் இருக்கின்றன. திராட்சை ரசத்தில் தண்ணீர் கலக்க மாட்டார்கள். கிறிஸ்து பிறப்பையும் அவருடைய ஞானஸ்நானத்தையும் சேர்த்து ஜனவரி 6-ஆம் நாள் கொண்டாடுவார்கள். டிசம்பர் 25-க்கு மாறாமல் பழைய வழக்கத்தையே வைத்துக்கொண்டவர்கள்.

பைசாந்தியம் என்ற கிழக்கு ரோமப் பேரரசு பக்கத்து வீடு. கொள்கையை மாற்றிக்கொண்டிருந்தால் பாதுகாப்பு கிடைத்திருக்கும். மாற்றவில்லை. இதற்குப் பெயர் விசுவாசம் இல்லையென்றால் வேறென்ன?

நெடுவழி

வணிகத்தை இருவரும் மறந்துவிட்டீர்கள். மெட்ராசுக்கு அவர்களைக் கொண்டுவந்தது எழுத்துமில்லை, வேதமுமில்லை, பட்டு.

1604-05-இல் பாரசீக மன்னன் ஷா அப்பாஸ், உஸ்மானியர்களோடு போரிட்டபோது அராஸ் ஆற்றங்கரையிலிருந்த ஜுல்பா நகரத்து ஆர்மீனியர்களை வேரோடு பெயர்த்து இஸ்பஹானுக்கு ஓட்டிச் சென்றான். ஊரைத் திரும்பி வாழ முடியாதபடி அழித்தான். ஆற்றைக் கடக்கும்போதே ஏராளமானவர்கள் மாண்டார்கள். பிழைத்தவர்களுக்கு இஸ்பஹானுக்கு அருகில் இடம் கொடுத்து, பட்டு வணிகத்தையும் ஒப்படைத்தான். அதுதான் புதிய ஜுல்பா. அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம், வெனிஸ், சூரத், மெட்ராஸ், கல்கத்தா, மணிலா வரை அவர்கள் வலை விரிந்தது.

மெட்ராசில் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் இருந்தார். அடையாற்றின் மேல் 1726-இல் சைதாப்பேட்டைப் பாலத்தைத் தன் பணத்தில் கட்டியவர். பரங்கிமலையில் ஏறும் கற்படிகளும் அவர் கொடை. அந்தப் பழைய பாலம் இருந்த இடத்தில் இப்போது மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் நகரத்தைப் பிடித்தபோது, அவர்கள் பக்கம் சாய மறுத்துச் சொத்துகளை இழந்தார். 1751-இல் இறந்தார். உடல் வேப்பேரியில். இதயத்தை மட்டும் ஒரு பேழையில் வைத்துப் புதிய ஜுல்பாவுக்கு அனுப்பினார்கள்.

ஷாஹாமிர் ஷாஹாமிரியனையும் சொல்ல வேண்டும். மெட்ராசில் அச்சகம் வைத்து, விடுதலை பெறப்போகும் ஆர்மீனியாவுக்காக 521 பிரிவுகளில் ஓர் அரசியல் சட்டம் எழுதி அச்சிட்டவர். முகப்பில் 1773 என்று இருக்கும். அச்சானது அதற்குப் பல ஆண்டுகள் பிறகு. ஆளுகிறவனும் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும், மக்கள் தேர்ந்தெடுத்த அவை வேண்டும் என்கிறது அந்தப் புத்தகம். காலடியில் தன் நாட்டு மண் ஒரு பிடிகூட இல்லாத மனிதர்கள், கடற்கரை ஊரின் வெக்கையில் உட்கார்ந்து நாட்டுக்குச் சட்டம் எழுதியிருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. வணிகம் கொடுத்த பணம் இல்லாமல் இந்த அச்சகங்களில் ஒன்றாவது நடந்திருக்குமா, ஈய எழுத்து ஐயா?

மாதுளை

இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் மன்னர்களையும் சங்கங்களையும் பற்றியே பேசுகிறீர்கள். நான் யெரெவானில் ஆறு ஆண்டுகள் மருத்துவம் படித்தேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். எனக்குத் தெரிந்த ஆர்மீனியாவைச் சொல்கிறேன்.

மூன்றாம் ஆண்டிலிருந்து ஒரு பாட்டி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். தாத்திக் என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் மொழியில் பாட்டி. எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்து ‘ட்சாவ்த் தானெம்’ என்பார். உன் வலியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று பொருள். பால்காரரிடமும் சொல்வார், பேருந்தில் இடம் விட்ட பையனிடமும் சொல்வார். எங்கள் ஆச்சி நெட்டி முறித்துத் திருஷ்டி கழிப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தச் சொல்லைக் கேட்ட முதல் நாளே கண் நிறைந்தது.

தாத்திக்கின் பேரனுக்கு ஒரு விபத்து நேர்ந்து, பிழைத்துக்கொண்டான். நேர்ச்சையாக மதாக் கொடுத்தார்கள். ஓர் ஆட்டுக்கடா. முதலில் உப்பைப் பாதிரியார் மந்திரித்துக் கொடுப்பார். அதை ஆட்டுக்குத் தின்னக் கொடுப்பார்கள். பிறகு அறுத்து, மசாலா எதுவுமில்லாமல் தண்ணீரும் அந்த உப்பும் மட்டும் போட்டு வேகவைப்பார்கள். அக்கம்பக்கத்துக்கும் ஏழைகளுக்கும் பங்கு போக வேண்டும். மறுநாளைக்கு எதையும் வைக்கக் கூடாது. நான் நான்கு மாடி ஏறி இறங்கி, லவாஷ் ரொட்டியில் சுற்றிய கறியைக் கதவு கதவாகக் கொடுத்தேன். லவாஷ் என்பது தரையில் புதைத்த தோனிர் அடுப்பின் உட்சுவரில் அறைந்து சுடும் மெல்லிய ரொட்டி. வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: ‘ஏற்றுக்கொள்ளப்படட்டும்.’ இந்தப் பலி வழக்கம் கிறிஸ்தவத்துக்கும் முந்தையது என்பார்கள். திருச்சபை அதை ஒழிக்காமல், உப்பை மந்திரித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

ஏப்ரல் 24-ஐப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1915-இல் அந்த நாளில்தான் இஸ்தான்புல்லில் உஸ்மானியத் துருக்கிய அரசின் ஆட்கள் ஆர்மீனிய எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், பாதிரியார்கள் எனத் தேடித் தேடிப் பிடித்தார்கள். அதன்பின் அனத்தோலியா முழுவதும் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் சிரியாவின் தேர் ஸோர் பாலைவனம் நோக்கி நடத்தினார்கள். 15 லட்சம் பேர் வரை மாண்டார்கள். துருக்கி அரசு இனப்படுகொலை என்ற சொல்லை இன்றுவரை ஏற்கவில்லை. அந்தச் சொல்லுக்குச் சட்டப் பொருள் தந்த ராபேல் லெம்கின், ஆர்மீனியர்களுக்கு நடந்ததே தன்னை அதைப் பற்றிச் சிந்திக்க வைத்தது என்று சொல்லியிருக்கிறார்.

ஆண்டுதோறும் அன்று யெரெவான் நகரமே, நினைவிடம் இருக்கும் ட்சிட்செர்னகாபெர்த் குன்றின் மேல் ஏறும். சத்தமே இருக்காது. செருப்புச் சத்தமும் குழந்தைகளின் சிணுங்கலும்தான். உச்சியில் பன்னிரண்டு கற்பலகைகள் உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும், குனிந்து துக்கம் விசாரிக்கிறவர்களைப் போல. படி இறங்கினால் நடுவில் அணையாத நெருப்பு. ஆளுக்கு ஒரு பூ வைப்பார்கள். நாங்கள் மதியம் போனபோது நெருப்பைச் சுற்றிப் பூக்களாலேயே நெஞ்சளவு சுவர் எழும்பியிருந்தது. தாத்திக் தன் பூவை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய பாட்டி இப்போது துருக்கியில் இருக்கும் மூஷ் பகுதியிலிருந்து நடந்து வந்து பிழைத்தவர். அவ்வளவுதான் எனக்குச் சொன்னார். நானும் கேட்கவில்லை.

மூஷ் என்றதும் ஒரு புத்தகம் நினைவுக்கு வருகிறது. மதெனதாரன் என்ற சுவடி நூலகத்தில் இருக்கிறது. 1200-லிருந்து 1202 வரை தோலில் எழுதப்பட்ட மறையுரைத் தொகுப்பு. எடை ஏறக்குறைய 28 கிலோ. எழுதி முடித்த சில ஆண்டுகளிலேயே கொள்ளைபோனது. ஊர் மக்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 4,000 வெள்ளிக் காசு கொடுத்து மீட்டார்கள். 1915-இல் மூஷ் எரிந்தபோது இரண்டு பெண்கள் அதைக் கண்டெடுத்தார்கள். தூக்க முடியவில்லை. இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி சுமந்தார்கள். ஒருத்தி தன் பாதியை எச்மியாட்சினில் சேர்த்தாள். இன்னொருத்தி எர்ஸ்ரூம் மடாலயத்தில் தன் பாதியைப் புதைத்தாள். அவள் வழியிலேயே இறந்துபோனாள். பின்னால் ஒரு ரஷ்யப் படை அதிகாரி அதைத் தோண்டியெடுத்தார். இப்போது இரண்டு பாதியும் ஓரிடத்தில் இருக்கின்றன. சாவு துரத்தும்போது சோறும் துணியும் சுமக்க வேண்டிய தோளில் அந்தப் பெண்கள் தோல் ஏடுகளைச் சுமந்தார்கள்.

ஈய எழுத்து ஐயா அதை எழுத்து என்பார், ஆசிரியர் ஐயா விசுவாசம் என்பார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது எனக்கு அந்த இரண்டு தோள்கள்தான் தெரிந்தன.

ஈய எழுத்து

மகளே, உன் பதிவை மூன்று முறை வாசித்தேன். எழுத்தைச் சுமக்க ஆள் வேண்டும் என்பதை நான் யோசிக்கவில்லை.

ஓய்வாசிரியர்

அம்மா, மதாக் பற்றி எழுதியதற்கு நன்றி. அதோடு இசைத் துறவி கொமிதாஸ் கதையையும் இங்கே வைக்கிறேன், என் பக்கத்து வாதமாக. 1881-இல் துருக்கியின் கூத்தாஹ்யாவிலிருந்து ஓர் அநாதைச் சிறுவனை, குரல் நன்றாக இருக்கிறது என்று எச்மியாட்சினுக்கு அழைத்துப் போகிறார்கள். கத்தோலிக்கோஸ் ஆர்மீனியத்தில் வரவேற்கிறார். பையனுக்குப் புரியவில்லை. அவன் ஊரில் ஆர்மீனியர்களும் துருக்கியில்தான் பேசினார்கள். எனக்கு ஆர்மீனியம் தெரியாது, வேண்டுமானால் பாடுகிறேன் என்கிறான். பொருள் தெரியாமலே ஷாரகான் என்ற ஆலய வழிபாட்டுக் கீதம் ஒன்றைப் பாடுகிறான். கத்தோலிக்கோஸ் அழுதுவிட்டார் என்பார்கள். மொழியே தெரியாத குழந்தை எதனால் ஆர்மீனியனாக இருந்தான்? ஆலயத்தில் பாடிய பாட்டினால்.

நெடுவழி

அதே சிறுவன் பின்னால் மொழியைக் கற்று, துறவியாகி, கிராமம் கிராமமாக நடந்து உழவுப் பாட்டு, தாலாட்டு, திருமணப் பாட்டு என ஆயிரக்கணக்கில் எழுதியெடுத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஐயா. அந்தக் கிராமங்களில் பல 1915-க்குப் பிறகு இல்லை. அவர் எடுத்ததில் ஒரு பகுதி தொலைந்தும் போயிற்று. ஏப்ரல் 24 கைதிகளில் அவரும் ஒருவர். விடுவிக்கப்பட்டுத் திரும்பினார், ஆனால் மனம் திரும்பவில்லை. கடைசி ஆண்டுகளைப் பாரிஸ் பக்கத்து மனநல விடுதியில் கழித்து 1935-இல் இறந்தார். அவர் எழுதி வைக்காத பாட்டு இன்று யாருக்கும் கிடைக்காது.

சிற்பியின் மகன்

மாமல்லபுரத்தில் கல் வேலை செய்யும் குடும்பம் எங்களுடையது. படங்களில் பார்த்துப் பழகிய கச்கார் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கச்கார் என்றால் சிலுவைக் கல். ஆள் உயரக் கல்லில் சிலுவை செதுக்கி, மேற்கு முகமாக நிறுத்துவார்கள். பெரும்பாலும் கிறிஸ்துவின் உருவம் இருக்காது. சிலுவையின் அடியிலிருந்து இரண்டு இலைகள் முளைத்து மேலே வளையும். கொலைக்கருவியை மரமாகத் தளிர்க்க வைத்திருக்கிறார்கள். சுற்றியுள்ள பின்னலில் உளி உள்ளே போயிருக்கும் ஆழத்தைப் பாருங்கள். கோஷ் மடாலயத்தில் போகோஸ் என்ற சிற்பி 1291-இல் செய்த கல்லை ‘ஊசி வேலை’ என்றே அழைக்கிறார்கள். பின்னலுக்குப் பின்னால் இருக்கும் கல்லையும் குடைந்து நிழலை உள்ளே உட்கார வைத்திருக்கிறார். ஒரு தட்டு தவறினால் முழுக் கல்லும் வீண். ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது. 2010-இல் யுனெஸ்கோ இந்தக் கலையைப் பட்டியலில் சேர்த்தது.

நெடுவழி சொன்ன பழைய ஜுல்பாவில், ஊர் அழிந்த பிறகும் கல்லறைத் தோட்டம் இருந்தது. ஆயிரக்கணக்கான கச்கார்கள். அந்த இடம் இப்போது அஜர்பைஜானின் நக்சிவானில் இருக்கிறது. 1998-இல் இடிக்கத் தொடங்கினார்கள். 2005 டிசம்பரில் சிப்பாய்கள் சம்மட்டியால் மிச்சத்தையும் உடைத்து ஆற்றோரம் கொட்டினார்கள். ஆற்றின் இந்தக் கரையில், ஈரானிலிருந்து, அதைப் படம் பிடித்திருக்கிறார்கள். அங்கே ஆர்மீனியக் கல்லறை எதுவும் இருந்ததே இல்லை என்கிறது அந்த அரசு. நானூறு ஐந்நூறு ஆண்டுக்கு முன்னால் ஒரு மனிதன் குனிந்து உட்கார்ந்து செதுக்கிய பின்னலை உடைக்கக் கை எப்படி வந்தது? அந்தப் படத்தைப் பார்த்த அன்று நான் உளியைத் தொடவில்லை.

ஐயா போய்ப் பார்த்த அரண்மனைக்காரத் தெருவில் புதைக்கப்பட்டவர்களில் பலர் புதிய ஜுல்பாவிலிருந்து வந்தவர்கள் என்றால், அவர்களுடைய பாட்டன் பூட்டன் கல்லறைகள்தான் ஆற்றோரம் உடைந்து கிடக்கின்றன. பேரப்பிள்ளைகளின் கல் நம் ஊரில் முழுசாக இருக்கிறது.

மாதுளை

சிற்பியின் மகன், நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு இதையும் சொல்லிவிடுகிறேன். 2023 செப்டம்பரில் நான் ஊர் திரும்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அஜர்பைஜான் படை கைப்பற்றிய நாகோர்னோ கராபாக் மலைப்பகுதியிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆர்மீனியர்கள் சில நாள்களுக்குள் வெளியேறினார்கள். அவர்கள் அந்த மண்ணை ஆர்ட்சாக் என்பார்கள். எங்கள் குடியிருப்புக்கும் ஒரு குடும்பம் வந்தது. ஒரு காரில் ஏழு பேர். அந்த வீட்டு அம்மா எடுத்து வந்திருந்த சாமான்களில் ஒரு சாஜ் இருந்தது. கவிழ்த்த தோசைக்கல்லைப் போன்ற இரும்பு. இரண்டாம் நாளே தாத்திக்கின் அடுக்களையில் அதைச் சூடேற்றி, பத்துப் பன்னிரண்டு வகைக் கீரைகளைப் பொடியாக அரிந்து உள்ளே வைத்து ரொட்டி சுட்டார். ழெங்யாலோவ் ஹாட்ஸ் என்று பெயர். எங்கள் ஊர்க் கீரை இங்கே கிடைக்கவில்லை, ருசி சரியாக வராது என்று சொல்லிக்கொண்டே சுட்டார். தாத்திக் ஒரு துண்டைப் பிட்டுத் தின்றுவிட்டு அவரிடமும் அதையே சொன்னார். ட்சாவ்த் தானெம்.

பழங்கணக்கு

தாமதமாக வருகிறேன். ஈய எழுத்து ஐயாவின் முதல் பதிவில் இருந்த கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

உங்கள் கூட்டல் சரி, ஐயா. சேர்த்த எண்தான் தவறு. 551-ஐச் சேர்ப்பது பழைய ஆர்மீனியப் பெருங்கணக்கு. ஆர்மீனியாவில் மடாலயச் சுவர்களில் இருக்கும் கல்வெட்டுகளுக்கு அது பொருந்தும். ஜுல்பாக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு இருந்தது. அசாரியா நாட்காட்டி என்பார்கள். 1616-ஐ முதல் ஆண்டாகக் கொண்டது. புதிய ஜுல்பாவிலும் இந்தியாவிலும் இருந்த வணிகர்கள் கடிதங்களிலும் கணக்கேடுகளிலும் அதைத்தான் எழுதினார்கள். ஷ்மாவோனியனின் இதழிலும் அதே கணக்குதான். நீங்கள் சேர்க்க வேண்டியது 1615.

ஈய எழுத்து

164-ம் 1615-ம் 1779. ஆலயம் கட்டி ஏழு ஆண்டுகள் கழித்து.

இன்று காலை மறுபடியும் போய் வந்தேன். ஒரு குவளைத் தண்ணீரும் தேங்காய் நாருக்குப் பதிலாகப் பழைய துணியும் எடுத்துப்போனேன், கல்லைக் கீறிவிடக் கூடாது என்று. காவலாளி அனுமதித்தார். மண்ணைத் துடைத்து, தண்ணீர் தெளித்து, வெயில் சாய்வாக விழும் வரை காத்திருந்தேன். ஈரக்கல்லில் சாய்வெயில் பட்டால் தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். அச்சுப் பலகையைப் படிக்கும் முறை அதுதான். பெயர் வரியில் இன்னும் நான்கு எழுத்துகள் கிடைத்தன. கடைசி மூன்றும் ‘யன்’. அதற்கு முன்னால் இருப்பதைக் காகிதத்தில் வரைந்து வைத்திருக்கிறேன்: மேலே திறந்த கிண்ணம், வலது காலில் ஒரு கொக்கி. மகளே மாதுளை, பழங்கணக்கு ஐயா, படத்தை நாளை இங்கே இடுகிறேன். எந்த எழுத்து என்று பார்த்துச் சொல்லுங்கள்.